பள்ளிக்கூடம் திறந்த பிறகு

2004ஆம் ஆண்டில் காவிரிப் படுகை இரண்டு முறை பிள்ளைகளை வாரிக் கொடுத்தது. ஜூலை 16, வெள்ளிக்கிழமை, கும்பகோணம் காசிராமன் தெருப் பள்ளிக்கூடத்தின் சமையற்கட்டில் பற்றிய தீ கீற்றுக் கூரைக்குத் தாவி 94 குழந்தைகளைக் கொண்டுபோனது. ஐந்து மாதம் கழித்து, டிசம்பர் 26 காலையில், கடல் உள்ளே வந்தது. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் மாண்டார்கள். அக்கரைப்பேட்டை, கீச்சாங்குப்பம், நம்பியார் நகர் என்று குப்பம் குப்பமாகப் போனவர்களில் சிறுவர்கள் ஏராளம். ஓடத் தெரியாத வயதுக்காரர்கள் அவர்கள். 1991 வரை நாகையும் தஞ்சாவூர் மாவட்டத்தில்தான் இருந்தது என்பதால் இரண்டையும் ஒரே மண்ணின் சாவாகவே இங்குள்ள பெரியவர்கள் பேசுவார்கள்.

செத்தவர்களின் கணக்கு அரசாங்கத்திடம் இருக்கிறது. இந்த அத்தியாயம் பிழைத்துக்கொண்ட பிள்ளைகளைப் பற்றியது. மனம் நொறுங்கிய ஒரு பிள்ளை எப்படித் தேறுகிறது? யார் தேற்றுகிறார்கள்? இதற்கு மருத்துவம் சொல்லும் பதிலும், நாகைக் கடற்கரை சொன்ன பதிலும் எங்கே ஒன்றுசேர்கின்றன, எங்கே பிரிகின்றன?

முதலில் உடம்பிலிருந்து தொடங்குவோம், ஏனென்றால் பிள்ளைகளின் துயரம் பெரும்பாலும் அங்கேதான் முதலில் தெரியும். அலை வந்துபோன வாரங்களில் எட்டு வயதுப் பையன் மறுபடி பாயை நனைப்பான். விரல் சூப்புவதை எப்போதோ விட்ட பெண் மறுபடி சூப்புவாள். வயிற்று வலி என்று சொல்லிக்கொண்டே இருப்பார்கள், டாக்டர் பார்த்தால் வயிற்றில் ஒன்றும் இருக்காது. அம்மா கொல்லைப்புறம் போனால்கூடப் பின்னாலேயே ஓடுவார்கள். பதினான்கு, பதினைந்து வயதுக்காரர்களின் கதை வேறு. அவர்கள் அழமாட்டார்கள். எரிந்து விழுவார்கள், பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போடுவார்கள், சிலர் அப்பாவின் பாட்டிலைத் தேடிப் போவார்கள். ஊர் அவர்களைத் 'தறுதலை' என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடும். அடங்காத பிள்ளை என்று நாம் முத்திரை குத்துகிறவர்களில் எத்தனை பேர் அடக்க முடியாத ஒன்றைச் சுமந்துகொண்டிருக்கிறார்கள் என்பதை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

மூளைக்குள் நடப்பது ஓரளவு தெளிவாகவே தெரிந்திருக்கிறது. கன்னப்பொறிக்கு உட்புறத்தில் ஆழத்தில் இருக்கும் அமிக்டலா என்ற சிறு பகுதி ஆபத்தை மோப்பம் பிடிக்கும். அது கொடுக்கும் சைகையில் அட்ரினல் சுரப்பிகள் அட்ரினலினையும் கார்டிசாலையும் விடுகின்றன. இதயம் அடித்துக்கொள்கிறது, தசைகள் முறுக்கேறுகின்றன. ஓடித் தப்பிக்க இதெல்லாம் வேண்டியதுதான். ஆபத்து நீங்கியதும் 'போதும், அது முடிந்துபோன விஷயம்' என்று அடக்கிவைக்க வேண்டிய பொறுப்பு நெற்றிக்குப் பின்னால் உள்ள முன்மூளைப் புறணிக்கு. நடந்ததை இடம், நேரம், வரிசை என்று பிரித்துப் பழைய நினைவாக அடுக்கிவைக்கும் வேலை ஹிப்போகாம்பஸுக்கு. பிள்ளைகளிடம் இந்த முன்மூளை இன்னும் முதிரவில்லை, இருபது வயது தாண்டியும் அது வளர்ந்துகொண்டே இருக்கிறது. அதனால்தான் ராத்திரி காற்றில் ஓலைக் கீற்று சலசலத்தால், அலை இப்போதுதான் வருகிறது என்று அந்தப் பிள்ளையின் உடம்பு நம்புகிறது. அதற்கு டிசம்பர் 26 முடியவே இல்லை.

சுனாமிக்குப் பிறகு தமிழகக் கடலோரக் குழந்தைகள், வளரிளம் பருவத்தினர் 502 பேரைப் பரிசோதித்த ஓர் ஆய்வு 2007-ல் வெளியானது. அவர்களில் சுமார் 71 சதவீதத்தினரிடம் கடும் அதிர்ச்சிக்குப் பின் வரும் மனநலக் கோளாறின் அறிகுறிகள் காணப்பட்டன. பயமுறுத்தும் எண்தான். ஆனால் இதைப் படித்துவிட்டு 'பத்துக்கு ஏழு பிள்ளைகள் மனநோயாளிகள்' என்று முடிவு கட்டினால் தவறு. அம்மாவைக் கடல் கொண்டுபோன பிள்ளை சில மாதம் தூங்காமல் இருப்பது கோளாறா, துக்கமா? இந்தக் கேள்வியில்தான் அன்றைக்கு நாகையில் வந்து இறங்கிய உதவிக் குழுக்கள் இரண்டாகப் பிரிந்தன.

ஒரு தரப்புக்குப் பேசவைக்க வேண்டும் என்பதில் உறுதி. நடந்ததை உடனே, முழுதாக, உணர்ச்சியோடு சொல்லவைத்தால் பின்னால் நோய் வராது என்பது 1980-களில் அமெரிக்காவில் தீயணைப்பு வீரர்களுக்காகத் தொடங்கிய முறை. உலகம் முழுக்கப் பரவிவிட்டது. பிறகுதான் சோதித்தார்கள். பிரிட்டனில் தீக்காயம் பட்டு மருத்துவமனைக்கு வந்த பெரியவர்களிடம் நடந்த சோதனை 1997-ல் வெளிவந்தது. அப்படி ஒரே அமர்வில் பேசவைக்கப்பட்டவர்களில் 13 மாதம் கழித்து 26 சதவீதம் பேருக்கு அதிர்ச்சிக் கோளாறு இருந்தது, பேசவைக்கப்படாதவர்களில் 9 சதவீதம் பேருக்கு. பேசவைக்கப்பட்ட குழுவில் காயத்தின் கடுமையும் கொஞ்சம் அதிகம் என்பதால் எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் பல சோதனைகளையும் சேர்த்துப் பார்த்த காக்ரன் திறனாய்வும் இந்த முறையால் நன்மை இல்லை, கட்டாயமாக்குவதை நிறுத்த வேண்டும் என்றே சொன்னது. குழந்தையின் வாயைக் கிளறி அழவைத்துவிட்டு, நோட்டில் எழுதிக்கொண்டு, மறுநாள் அடுத்த குப்பத்துக்குப் போய்விடுகிறவர் செய்வது உதவி ஆகாது. இதைக் கொஞ்சம் கடுமையாகவே சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் ஒவ்வொரு பேரிடருக்குப் பிறகும் அவர் மறுபடி வருகிறார்.

இன்னொரு தரப்பு பெங்களூரிலிருந்து வந்தது. தேசிய மனநலம் மற்றும் நரம்பியல் அறிவியல் நிறுவனம், சுருக்கமாக நிம்ஹான்ஸ், 1984 போபால் விஷவாயுவுக்குப் பிறகு அங்கிருந்த சாதாரண மருத்துவர்களுக்கு மனநலப் பயிற்சி கொடுத்துப் பாடம் கற்றிருந்தது. 1999 ஒடிசா புயல், 2001 குஜராத் நிலநடுக்கம் என்று அந்தப் பாடம் வளர்ந்தது. மனநல மருத்துவர்களின் எண்ணிக்கை இந்த நாட்டில் ஒருநாளும் போதாது. மேட்டூரில் திறந்த தண்ணீர் கடைமடைக்கு வந்து சேர்வதற்குள் பயிர் வாடிவிடுவதைப் போல, பெருநகரத்து நிபுணர் குப்பத்துக்கு வருவதற்குள் பிள்ளை வளர்ந்தே போய்விடும். எனவே ஊரிலேயே இருப்பவர்களைத் தயார் செய்தார்கள். பள்ளி ஆசிரியர், அங்கன்வாடி ஊழியர், சுய உதவிக் குழுப் பெண், தொண்டு நிறுவன இளைஞர் எல்லாரும் சில நாள் பயிற்சியில் உட்கார்ந்தார்கள்.

பயிற்சியில் சொல்லிக்கொடுத்தவை பார்க்க மிகச் சாதாரணம். மனதில் இருப்பதைக் கொட்ட இடம் கொடு, ஆனால் கிளறாதே. குறுக்கே பேசாமல் கேள். உறவும் அக்கம்பக்கமும் அறுந்திருந்தால் முடிச்சுப் போட்டுவை. கைக்கு ஒரு வேலை கொடு. விளையாடவிடு. கோவிலோ தர்காவோ தேவாலயமோ, அவர்களுக்கு எது பிடிமானமோ அதைத் தடுக்காதே. இவற்றில் எதுவும் மாத்திரை இல்லை, எதற்கும் பட்டப்படிப்பு வேண்டாம். உடம்பு, வீடு, தெரு, சாமி, படிப்பு, பிழைப்பு எல்லாவற்றையும் ஒன்றாகப் பார்க்கும் இந்த முறையை 2007-ல் ஐ.நா. அமைப்புகளும் தொண்டு நிறுவனங்களும் சேர்ந்து வெளியிட்ட சர்வதேச வழிகாட்டியும் ஏற்றுக்கொண்டது. அந்த வழிகாட்டி வரைந்த கூம்பின் அடித்தளத்தில் சோறும் கூரையும் பாதுகாப்பும் இருக்கின்றன. அதற்கு மேல் குடும்பமும் ஊரும். மனநல நிபுணர் உச்சியில், மிகச் சிலருக்காக.

வகுப்பறையில் இது எப்படி இருக்கும்? களிமண்ணை எடுத்துக்கொள்வோம். தாள், வண்ணப் பென்சில், முகமூடி, பொம்மை ஆகியவற்றோடு களிமண்ணும் நிம்ஹான்ஸ் பயிற்சியின் கருவி. டெல்டாவில் அதற்குப் பஞ்சமே இல்லை, வாய்க்கால் ஓரம் போனால் கை நிறைய அள்ளலாம். என்ன செய்ய வேண்டும் என்று ஆசிரியர் சொல்வதில்லை. ஒரு பையன் படகு செய்வான். அணியம் கூராக, உள்ளே உட்கார இரண்டு ஆள். செய்து முடித்ததும் உள்ளங்கையால் ஒரே அமுக்கு. படகும் ஆளும் சப்பை. மறுபடி உருட்டுவான், மறுபடி படகு, மறுபடி அமுக்கு. தெரியாத ஆசிரியர் 'ஏண்டா நல்லா செஞ்சதைக் கெடுக்கிறே' என்பார். பயிற்சி பெற்றவர் வாயைத் திறக்காமல் பக்கத்தில் உட்கார்ந்து தானும் கொஞ்சம் மண்ணை உருட்டுவார்.

அவர் கவனிப்பது ஒன்றே ஒன்று: கதை மாறுகிறதா? 1976-ல் கலிபோர்னியாவின் சௌசில்லா என்ற சிற்றூரில் 26 பள்ளிப் பிள்ளைகளைப் பேருந்தோடு கடத்தி மண்ணுக்கடியில் புதைத்துவைத்தார்கள். எல்லாரும் தப்பினார்கள். லெனோர் டெர் என்ற மனநல மருத்துவர் அந்தப் பிள்ளைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தார். அவர்களின் விளையாட்டில் ஒரே காட்சி, அதே முடிவு, சந்தோஷமே இல்லாமல் திரும்பத் திரும்ப வந்தது. விளையாட்டு தானாகவே ஆற்றிவிடும் என்ற நம்பிக்கையை அவர் பார்த்தவை அசைத்துவிட்டன. முடிவு மாறத் தொடங்கினால்தான் ஆறத் தொடங்குகிறது. நம் பையன் என்றாவது ஒருநாள் படகை அமுக்காமல் கரையில் வைப்பான், அல்லது இரண்டாவது படகு செய்து முதல் படகுக்கு உதவிக்கு அனுப்புவான். மாதக்கணக்கில் அமுக்கிக்கொண்டே இருந்தால் அவனுக்கு அந்தக் கூம்பின் உச்சியில் உள்ளவரின் உதவி வேண்டும். இந்த வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க எம்.டி. தேவையில்லை, தினமும் பார்க்கிற கண் போதும்.

தினமும் பார்க்கிற கண் என்றால் முதலில் பள்ளிக்கூடம். சுனாமி வந்த அடுத்த மாதமே பள்ளிகளைத் திறக்க அரசு முனைந்தது. பாடம் நடத்த அப்போது யாருக்கும் மனசில்லை என்பது உண்மைதான். ஆனால் காலையில் மணி அடிப்பது, வரிசையில் நிற்பது, மதியம் சத்துணவு, பக்கத்தில் அதே சிநேகிதன் என்ற இந்த மாறாத ஒழுங்கு, கலங்கிப்போன மூளைக்கு 'அடுத்து என்ன நடக்கும் என்று உனக்குத் தெரியும்' என்று சொல்கிறது. கார்டிசாலை இறக்கும் சேதி அது. கும்பகோணத்தில் இது இன்னும் சிக்கல். அங்கே ஆபத்து வந்த இடமே பள்ளிக்கூடம். பிழைத்த பிள்ளைகள் வேறு பள்ளிகளில் சேர்ந்தார்கள், தீக்காயத் தழும்பை நாள்தோறும் வகுப்பில் சுமந்தார்கள். வழக்கின் தீர்ப்பு 2014 ஜூலை 30-ல்தான் வந்தது. பத்து ஆண்டு! நீதி தாமதமாவதும் ஆறாமல் வைக்கும் காரணங்களில் ஒன்று. மனநலப் புத்தகங்கள் இதை எழுதுவதில்லை, பெற்றோரைக் கேட்டால் சொல்வார்கள்.

தீ விபத்தின்போது தஞ்சாவூர் ஆட்சியராக இருந்த ஜெ. ராதாகிருஷ்ணனைத்தான் சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினத்துக்கு அனுப்பினார்கள். பெற்றோரை இழந்த பிள்ளைகளில் பெரும்பாலோரைச் சித்தி, மாமா, தாத்தா, பாட்டி என்று உறவுகளே எடுத்துக்கொண்டன. அப்படியும் ஆளில்லாத குழந்தைகளுக்காக நாகையில் அன்னை சத்யா அரசு குழந்தைகள் காப்பகம் தொடங்கியது. அவர்களை வெளியூருக்குக் கொண்டுபோகத் துடித்த அமைப்புகள் பல. அரசு விடவில்லை, அது சரியான முடிவு. ஆனாலும் காப்பகம் என்றாலே அறிவியல் புருவத்தை உயர்த்தும். ருமேனியாவின் புகாரெஸ்டில் 2000-ல் தொடங்கிய ஆய்வில் 136 கைவிடப்பட்ட குழந்தைகளில் பாதிப் பேரை வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பிப் பார்த்தார்கள். குடும்பத்துக்குப் போனவர்களின் அறிவு வளர்ச்சியும் பாசப் பிணைப்பும் காப்பகத்திலேயே தங்கியவர்களைவிடத் தெளிவாக மேம்பட்டன. வாரத்துக்கு ஒரு ஆயா மாறும் இடத்தில் பிள்ளை யாரையும் பற்றிக்கொள்ள முடியாது. நாகைக் காப்பகத்தில் நடந்த நல்ல காரியம், அங்கே சிலர் மாறாமல் நின்றதுதான். ராதாகிருஷ்ணன் பதவி மாறிப்போன பிறகும் அந்தப் பிள்ளைகளைப் பார்க்க வந்துகொண்டே இருந்தார். 2022-ல் அங்கே வளர்ந்த ஒரு பெண்ணின் கல்யாணத்தில் முன்னின்றார்.

இதைச் செண்டிமெண்ட் என்று ஒதுக்கக் கூடாது. ஹவாயின் கவாய் தீவில் 1955-ல் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னர் நாற்பது வயது வரை பின்தொடர்ந்தார். வறுமை, குடி, சண்டை என்று எல்லாக் கேடும் சூழப் பிறந்தவர்களிலும் மூவரில் ஒருவர் திடமான மனிதராக வளர்ந்தார். அவர்களுக்குப் பொதுவாக இருந்தவற்றில் முக்கியமானது, கைவிடாத ஒரு பெரியவர். பெற்ற தாயாக இருக்க வேண்டியதில்லை. பாட்டியாக இருக்கலாம், கணக்கு வாத்தியாராக இருக்கலாம்.

பெரியவர்கள் நல்லெண்ணத்தோடு செய்த சில காரியங்கள் பிள்ளைகளைக் குழப்பின. 'அம்மா ஊருக்குப் போயிருக்கா', 'சாமிகிட்ட தூங்குறா' என்பது அவற்றில் ஒன்று. ஐந்து வயதுக்குக் கீழ் உள்ள குழந்தை சாவை ஒரு பயணமாகவே நினைக்கிறது, போனவர் திரும்புவார் என்று வாசலில் காத்திருக்கிறது. தூக்கம் என்று சொல்லிவிட்டால் தூங்கவே பயப்படுகிறது. 'அம்மா செத்துப்போயிட்டா, இனிமே வரமாட்டா, நாங்க உன்கூட இருக்கோம்' என்று எளிய சொல்லில், மடியில் வைத்துக்கொண்டு சொல்வதுதான் நல்லது. இன்னொன்று, பிள்ளைகளை இழந்து, கருத்தடையும் செய்திருந்த தாய்மார்களுக்கு மறுஇணைப்பு அறுவை சிகிச்சைக்கு அரசு உதவியது. மனிதாபிமான முடிவு. ஆனால் அப்படிப் பிறந்த குழந்தைக்குச் செத்த குழந்தையின் பெயரையே வைத்தால், அது யாருடைய வாழ்க்கையை வாழும்?

சடங்கைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பயந்த பிள்ளைக்கு வேப்பிலை அடிப்பதும், திருநீறு போடுவதும், நாகூர் தர்காவில் ஓதிக் கயிறு கட்டுவதும் இந்த ஊர்களில் மருத்துவமனைக்கு முன்னால் நடப்பவை. அதைக் கேலி செய்கிறவன் நான் இல்லை. பத்துப் பேர் சூழ நின்று உன் பயம் நிஜம்தான், அதை இறக்கிவிடலாம் என்று சொல்வது பிள்ளைக்கு ஆறுதல். சடலம் கிடைக்காத வீடுகளில் கரைக்கே போய்க் கருமாதி செய்ததும் துக்கத்துக்கு ஒரு கரை கட்டியது. ஆனால் கட்டிப்போடுவதும் சூடு போடுவதும் வைத்தியமாகாது. 2001 ஆகஸ்ட் 6-ல் ஏர்வாடியில் சங்கிலியால் கட்டிவைக்கப்பட்ட மனநோயாளிகள் 28 பேர் எரிந்து செத்ததை இந்த மாநிலம் மறந்துவிடக் கூடாது.

அப்படியானால் ஊரும் பள்ளியும் சடங்கும் போதுமா? எல்லாருக்கும் போதாது. கடலுக்கு அப்பால், போரும் சுனாமியும் ஒருசேர அடித்த இலங்கையின் வடகிழக்கில் ஒரு முகாமில் நடந்த சோதனை இதற்குப் பதில் தருகிறது. 8 முதல் 14 வயது வரையான 31 பிள்ளைகள், எல்லாருக்கும் கடும் அதிர்ச்சிக் கோளாறு. குலுக்கல் முறையில் பிரித்து ஒரு பாதிக்குத் தன் வாழ்க்கைக் கதையைப் பிறப்பிலிருந்து வரிசையாகச் சொல்லவைக்கும் சிகிச்சை, மறுபாதிக்குத் தியானமும் தளர்வுப் பயிற்சியும் ஆறு ஆறு அமர்வுகள் கொடுத்தார்கள். கொடுத்தவர்கள் பயிற்சி பெற்ற உள்ளூர் ஆலோசகர்கள். ஆறு மாதம் கழித்து முதல் குழுவில் 81 சதவீதம் பேரும் இரண்டாம் குழுவில் 71 சதவீதம் பேரும் கோளாறிலிருந்து மீண்டிருந்தார்கள். சிறிய சோதனைதான், இரண்டில் எது மேல் என்று சொல்ல அது போதாது. ஆனால் பேசவைப்பதே கூடாது என்று நினைப்பவர்களுக்கு இது ஒரு திருத்தம். முந்தைய தீக்காயச் சோதனையில் ஒரே அமர்வு, முன்பின் தெரியாதவர், உடனே பேசு என்ற நெருக்கடி. இங்கே ஆறு அமர்வு, தெரிந்த மொழி, உள்ளூர் ஆள், முன்னும் பின்னுமாகக் கோத்துச் சொல்லும் கதை. பெயரில் இரண்டும் 'பேச்சு'தான்.

அதே வடகிழக்கில், மட்டக்களப்பில், போருக்கு நடுவே 1996-ல் 'வண்ணத்துப்பூச்சித் தோட்டம்' பிறந்தது. கனடா நாட்டு ஓவியர் பால் ஹோகனும் இயேசு சபைப் பாதிரியார் பால் சற்குணநாயகமும் அதில் முன்னின்றவர்கள். தமிழ்ப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் ஒன்றாக வந்து வரைந்தார்கள், மண் பிசைந்தார்கள், கதை கட்டினார்கள், செடி நட்டார்கள். நோயாளி என்று அங்கே யாரையும் கூப்பிடவில்லை. யாழ்ப்பாணத்து மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் திரும்பத் திரும்ப எழுதியதும் இதைத்தான்: போர் ஒரு ஆளை மட்டும் உடைப்பதில்லை, குடும்பத்தையும் ஊரையும் சேர்த்து உடைக்கிறது. மருந்தும் அந்த அளவுக்கு விரிய வேண்டும்.

அந்த மருந்தில் பிழைப்பும் அடங்கும். 2018 நவம்பர் 16-ல் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறிப் பேராவூரணி, பட்டுக்கோட்டை, ஒரத்தநாடு வரை தென்னந்தோப்புகளைச் சாய்த்தது. இருபது, முப்பது வருஷத்து மரம் ஒரே ராத்திரியில் கீழே. அந்த வீட்டுப் பிள்ளை பள்ளியில் கவனமில்லாமல் உட்கார்ந்திருந்தால் முதல் மருந்து அப்பாவின் கடனுக்கு ஒரு வழி. மருந்து வரவில்லையென்றால் அப்பா குடிப்பார், அக்காவின் படிப்பை நிறுத்திக் கல்யாணம் பேசுவார்கள். சுனாமிக்குப் பிறகு மனைவியை இழந்தவர்களுக்குச் சின்னப் பெண்களைக் கட்டிவைத்த செய்திகளும் வந்தன. ஒரு நிவாரணத் தொகை எந்த நாளில், யார் கையில் போகிறது என்பதும் பிள்ளையின் மனநலம்தான். அம்மாவின் கணக்கில் போட்டால் அது அரிசியாகவும் பள்ளிக் கட்டணமாகவும் மாறும் வாய்ப்பு அதிகம்.

இதையெல்லாம் பேரிடர் வந்தால்தான் செய்ய வேண்டும் என்பதில்லை. அடிக்கிற அப்பா, தேர்வில் தோற்ற அவமானம், வெளியில் சொல்ல முடியாத பாலியல் தொல்லை என்று சத்தமில்லாமல் உடைகிற பிள்ளைகள் ஒவ்வொரு தெருவிலும் உண்டு. நீங்கள் ஆசிரியராக இருந்தால், வகுப்பில் திடீரென்று மாறிப்போன பிள்ளையைக் கேள்வி கேட்டுத் துளைக்காமல், பக்கத்தில் இருங்கள், நாளைக்கும் இருங்கள். ஒரு மாதத்துக்கு மேல் தூக்கம், சாப்பாடு, படிப்பு மூன்றும் கெட்டிருந்தாலோ, சாகவேண்டும் என்று ஒரு சொல் வந்தாலோ காத்திருக்க வேண்டாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். டெலிமானஸ் 14416 எண்ணில் இரவும் பகலும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. வீட்டிலேயே ஆபத்து என்றால் குழந்தைகள் உதவி எண் 1098.